வாகனத்துக்குள் வரும் கூலன்ட் மணமும் வெட்டப்படும் ஹீற்றர் குழாய்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் வாகனப் பகுதிக்கு அண்மையில் கந்தளாயைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குடும்பத்துடன் நுவரெலியாவுக்குச் சென்றபோது குளிருக்காக ஹீற்றரைப் போட்டதும் வானுக்குள் இனிப்பான ஒரு மணம் பரவியதாகவும், ஊர் திரும்பிய பின்னர் முன் இடப்பக்க இருக்கையின் காலடியில் தரைவிரிப்பு ஈரமாக இருந்ததாகவும் சொல்லி அவர் காரணம் கேட்டிருந்தார். அதற்கு வழங்கப்பட்ட பதில் இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது. ஈரம் ஏ.சி. தண்ணீர்தான் என்றும், நமது காலநிலைக்கு ஹீற்றர் தேவையில்லை என்பதால் அதை மூடி வைத்தால் மணம் தானாக நின்றுவிடும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. இதே ஆலோசனையை ஒரு கராஜில் கேட்டு நடந்து, செலவும் அலைச்சலும் பட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் திருகோணமலை உவர்மலையில் வசிப்பவன். என்னிடம் இருப்பது ஜப்பானில் இருந்து வந்த பழைய டீசல் வான். சென்ற மார்கழி விடுமுறையில் சீதா எலிய சீதையம்மன் கோயிலுக்கு ஒரு நேர்த்தி இருந்ததால், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாகப் புறப்பட்டோம். கம்பளை வரை எந்தக் குறையும் இல்லை. புசல்லாவையைத் தாண்டி இறம்பொடை வளைவுகளில் ஏறத் தொடங்கியபோது மாலை மழையும் மூடுபனியும் சேர்ந்து முன் கண்ணாடியை மறைத்தன. கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பொத்தானை அழுத்தி ஹீற்றரையும் திருப்பினேன். ஐந்து நிமிடத்துக்குள், கித்துள் பாணிப் போத்தலை யாரோ திறந்து வைத்ததைப் போன்ற ஒரு மணம் எழுந்தது. பின் இருக்கையில் இருந்த மனைவி, மாத்தளையில் வாங்கிய பாணிப் போத்தல்தான் உடைந்துவிட்டது என்று எண்ணிப் பைகளைக் கிளறத் தொடங்கினார். போத்தல் நன்றாகவே இருந்தது. கண்ணாடியோ தெளிவதற்குப் பதிலாக மேலும் மங்கியது. கைக்குட்டையால் துடைத்தபோது ஈரம் மட்டும் போய், எண்ணெய் பூசினாற்போல் ஒரு மெல்லிய படலம் எஞ்சியது. எதிரே வந்த லொறியின் விளக்கு அந்தப் படலத்தில் பட்டுச் சிதறிய கணத்தில் எனக்குச் சாலையே தெரியவில்லை.

அந்த மணம் எதனுடையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டில் பெரும்பாலும் இருப்பது எதிலீன் கிளைக்கோல் என்ற இனிப்பான, பிசுபிசுப்பான திரவம். ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓடும் அதே சூடான திரவத்தின் ஒரு பகுதி, டாஷ்போட்டுக்குப் பின்னால் ஒரு புத்தகத்தின் அளவில் இருக்கும் இன்னொரு சிறிய ரேடியேற்றருக்குள்ளும் போய் வருகிறது. அதுதான் ஹீற்றர். அதன் மெல்லிய குழாய்களின் மீது விசிறிக் காற்று மோதும்போது அக்காற்று சூடாகி நம்மிடம் வருகிறது. அந்தக் குழாய்களில் ஊசிமுனையளவு ஓட்டை விழுந்தாலும், சூட்டில் ஆவியாகும் கூலன்ட் அதே காற்றோடு நம் மூக்குக்கு வரும். கண்ணாடியில் படலமாகப் படியும். மிகுதி தரைவிரிப்பில் சொட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்ததால்தான் நான் ஏமாந்தேன். ஊருக்கு வந்ததும் நகரில் உள்ள ஒரு கராஜுக்கு வானைக் கொண்டு சென்றேன். மணத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அங்கிருந்தவர், “ஐயா, ஹீற்றர்தான் ஒழுகுது. எங்கட ஊருக்கு ஹீற்றர் எதுக்கு? குழாயை வெட்டி இணைச்சு விட்டால் மணமும் இல்லை, ஒழுக்கும் இல்லை” என்றார். பொனற்றைத் திறந்து பார்க்கவில்லை, தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அரை மணி நேரத்தில் ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாய்களும் வெட்டப்பட்டு, ஒரு துண்டு இரும்புக் குழாயால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. குறைந்திருந்த தண்ணீரை அங்கிருந்த கிணற்றில் அள்ளி நிரப்பினார்கள். மணம் நின்றது உண்மைதான். மலையில் ஏறாமல், ஹீற்றரும் போடாமல், கடற்கரை வீதியிலும் சந்தைக்கும் ஓடிய வானில் மணம் எங்கிருந்து வரும்?

இரண்டு மாதம் கழித்து, பொதி ஏற்றிக்கொண்டு கண்டிக்குச் சென்றபோது மாத்தளைக்கு அப்பால் அதே மணம் திரும்ப வந்தது. ஹீற்றருக்குத் தண்ணீரே போகாத வானில் ஹீற்றர் எப்படி ஒழுகும் என்ற கேள்வி அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ரேடியேற்றருக்கான மேலதிகக் கூலன்ட் நிற்கும் ரிசேவ் போத்தலிலும் தண்ணீர் அடிமட்டத்துக்குக் கீழே போயிருந்தது.

அடுத்த முறை நான் காட்டியது வேறு ஒரு கராஜில், வயதில் என் மகனைவிடச் சிறிய ஒரு தம்பியிடம். அவர் முதலில் கேட்ட கேள்வியே என்னை நிமிர வைத்தது. மணம் வந்த நேரத்தில், கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பொத்தான் எரிந்துகொண்டிருந்ததா, அணைந்திருந்ததா என்று கேட்டார். அந்தப் பொத்தான் எரிந்தால் வண்டிக்குள் இருக்கும் காற்றே சுழலும். அணைந்திருந்தால் முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் தண்டுகளுக்குக் கீழே உள்ள துவாரங்கள் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் பொத்தானை அழுத்தினால் பல வண்டிகளில் அது தானாகவே வெளிக்காற்றுக்கு மாறிவிடும். இறம்பொடையில் நான் ஹீற்றரைத் திருப்பியபோது அந்தப் பொத்தானையும் சேர்த்தே அழுத்தியிருந்தேன். அதுவரை ஏ.சி.யுடன் உட்காற்றில் ஓடிய வான், அந்த நொடியில் வெளிக்காற்றை இழுக்கத் தொடங்கியிருக்கிறது. ஹீற்றர் போட்டதும் மணம் வந்தது என்று நான் நினைத்தது, உண்மையில் வெளிக்காற்று வந்ததும் மணம் வந்தது என்பதுதான்.

கூலன்ட் மணம் வரும் எவரும் காசு செலவின்றிச் செய்யக்கூடிய முதற் பரிசோதனை இதுவே. எஞ்சின் நன்கு சூடான பின்னர் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஹீற்றரை முழுச்சூட்டில் வைத்து, பத்து நிமிடம் உட்காற்றிலும் பத்து நிமிடம் வெளிக்காற்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் மட்டும் மணம் வந்தால் ஒழுக்கு பொனற்றுக்குக் கீழே எங்கோ இருக்கிறது. உட்காற்றிலும் மணத்து, நேரம் போகப் போக மணம் கூடினால் சந்தேகம் ஹீற்றரின் மேல்தான். இருக்கைக்குக் கீழே எஞ்சின் உள்ள என்னுடையது போன்ற வான்களில் மட்டும் ஒரு கவனம் தேவை. எஞ்சினை மூடியிருக்கும் தகட்டின் ரப்பர் விளிம்பு இற்றுப்போயிருந்தால், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் எஞ்சின் ஆவி நேராக உள்ளே வரும். ஆகவே அந்த விளிம்புக்கு அருகிலும் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும்.

அந்தத் தம்பி அதோடு நிற்கவில்லை. எஞ்சின் முற்றாக ஆறும் வரை என்னை ஒரு ரயரின் மேல் உட்கார வைத்துவிட்டு, ரேடியேற்றர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் சைக்கிள் பம்பைப் போன்ற, மீற்றர் பொருத்திய ஒரு கைப்பம்பைப் பூட்டினார். மூடியின் மேல் 1.1 என்று அச்சிடப்பட்டிருந்ததைக் காட்டி, அந்த அளவுக்கு அழுத்தம் ஏற்றி விட்டார். முள் சில நிமிடம் அசையாமல் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. கைவிளக்குடன் குனிந்து தேடியவர் என்னையும் கூப்பிட்டார். ரேடியேற்றரின் மேற்பக்கப் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத் தகட்டோடு கவ்வப்பட்டிருக்கும் விளிம்பில், உப்பளத்தின் ஓரத்தில் பூப்பது போல வெண்மையும் துருநிறமும் கலந்த ஒரு கோடு படிந்திருந்தது. அதன் நடுவில் ஒரு துளி திரண்டு, விழலாமா வேண்டாமா என்பது போல் தொங்கிக்கொண்டிருந்தது. என் நேர்த்திப் பயணத்தைக் கெடுத்தது அந்தத் துளிதான். அதே பம்பில் மூடியையும் பொருத்திச் சோதித்தபோது, 1.1 வரை தாங்க வேண்டிய மூடி அதில் பாதியிலேயே விட்டுவிட்டது. அதன் ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது.

சமதரையில் தெரியாத ஒழுக்கு மலையில் மட்டும் ஏன் தெரிந்தது என்று கேட்டபோது கிடைத்த விளக்கமும் கந்தளாய் வாசகருக்குப் பயன்படும். ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேற்றருக்கு அடிக்கும் காற்றோ குறைகிறது. சூடு கூட அழுத்தமும் கூடுகிறது, வெடிப்பு விரிகிறது. உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் வெறுந்தண்ணீர், சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எஞ்சின் வழக்கமாக ஓடும் சூடே அதற்கு அருகில்தான். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் வைத்திருப்பது கூலன்டின் கலவையும் மூடி பிடித்து வைக்கும் அழுத்தமும்தான். நல்ல மூடி இருந்தால் கொதிநிலை 120 பாகையைத் தாண்டி நிற்கும். என் வானில் மூடி கெட்டிருந்தது; முதலாவது கராஜுக்குப் போன பிறகு கூலன்டும் கிணற்றுத் தண்ணீரால் நீர்த்துப்போனது. அந்த மூடியோடு வான் இறம்பொடையில் நின்றுவிடாமல் கோயில் வரை போய்ச் சேர்ந்ததை அம்மனின் கருணை என்றே என் மனைவி இன்றும் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

இனி, பதிலில் சொல்லப்பட்ட ஏ.சி. தண்ணீர் பற்றி. நமது ஊரின் ஈரப்பதத்தில் ஏ.சி. போடும் வண்டிகள் நிறையத் தண்ணீரைக் கறக்கின்றன என்பதும், அது வெளியேறும் சிறுகுழாய் தூசியால் அடைபட்டால் காலடி நனையும் என்பதும் உண்மை. வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் ஏ.சி. பெட்டியும் ஹீற்றரும் டாஷ்போட்டின் நடுவிலும் இடப்புறத்திலும் சேர்ந்தே இருப்பதால், இரண்டில் எது ஒழுகினாலும் நனைவது அதே இடம்தான். ஆகையால் நனைந்த இடத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நனைத்தது என்ன என்று பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை அந்த ஈரத்தில் அழுத்தி எடுங்கள். ஏ.சி. தண்ணீர் நிறமின்றி, மணமின்றி, விரலில் வெறும் தண்ணீராகவே இருக்கும். தாள் சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். கூலன்ட் என்றால் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களில் ஒன்றின் சாயல் தாளில் தெரியும், இரண்டு விரல்களுக்கிடையே வழுக்கும், காய்வதற்கும் நாளாகும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது நஞ்சு என்பதால் அதை மட்டும் செய்ய வேண்டாம். கந்தளாய் வாசகர் இனிப்பு மணத்தையும் ஈரத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார் என்பதால், என் வானைப் போலன்றி அவருடையதில் ஹீற்றரே ஒழுகக்கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் ஹீற்றரை மூடி வைப்பது போதாதா? சில வண்டிகளில் ஹீற்றருக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு உண்டு. குமிழைக் குளிர்ப்பக்கம் திருப்பினால் அது தண்ணீரை நிறுத்தும், ஒழுக்கும் ஓரளவு நிற்கும். ஆனால் இன்று நம் வீதிகளில் ஓடும் பல வண்டிகளில் அந்த வால்வே இல்லை. அவற்றில் குமிழ் திருப்புவது உள்ளே இருக்கும் ஒரு சிறு கதவை மட்டும்தான். காற்று ஹீற்றரின் ஊடாகப் போவதா, அதைச் சுற்றிப் போவதா என்பதை அந்தக் கதவு தீர்மானிக்கிறது. தண்ணீரோ, உச்சி வெயிலில் நிலாவெளி வீதியில் ஏ.சி. போட்டு ஓடும்போதும் ஹீற்றருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்கே ஹீற்றரை மூடினால் மணம் அடங்கலாம்; ஒழுக்கு அடங்காது. மணம் தெரியாமல் போவதால் தண்ணீர் குறைவதும் தெரியாமல் போகும். தண்ணீர் அறவே வற்றிவிட்டால் சூட்டைக் காட்டும் முள்கூடச் சில வேளைகளில் கீழேயே நிற்கும், ஏனெனில் அதன் உணரி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். முள் ஏறவில்லையே என்று நம்பி ஓடி, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டையே வளைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

குழாயை வெட்டி இணைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹீற்றர் உண்மையிலேயே ஓட்டை என்று தெரிந்து, புதியது கிடைக்கும் வரை ஓட்ட வேண்டியிருந்தால் அது ஏற்கத்தக்க தற்காலிக வழி என்பதை நான் மறுக்கவில்லை. டாஷ்போட்டைக் கழற்றி ஹீற்றரை மாற்றுவது பெரிய வேலை; கூலியும் அதற்கேற்பவே இருக்கும். ஆனால் அப்படிச் செய்தாலும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துத் தண்ணீர் சுழல விட வேண்டுமே தவிர, தனித்தனியாக அடைத்துவிடக் கூடாது. எஞ்சின் சூடாகும் வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியிருக்கும் நேரத்தில் சில எஞ்சின்களுக்குத் தண்ணீர் சுழலும் வழியே அதுதான். மலையில் சூட்டு முள் ஏறும்போது ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரை முழுச்சூட்டில் திறந்துவிட்டால் அது இரண்டாவது ரேடியேற்றராக வேலை செய்து எஞ்சினின் சூட்டை ஓரளவு இறக்கும் என்பது பழைய சாரதிகளுக்குத் தெரிந்த உபாயம். வெட்டி இணைத்த வானில் அந்த உபாயம் இல்லை. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழையில் முன் கண்ணாடி மங்கும் நம் மாவட்டத்தில், ஏ.சி.யும் பழுதாக இருந்தால் கண்ணாடியைத் தெளியவைக்க ஹீற்றரை விட்டால் வேறு வழியும் இல்லை. நம் ஊருக்கு ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் மழையிரவில் தம்பலகாமம் வயல்வெளி ஊடாக ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும்.

ஹீற்றரும் ரேடியேற்றரும் இப்படி ஓட்டையாவதற்கு நாமே காரணமாக இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. நம் கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் உவர். அதைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் சில வாரங்களில் வெள்ளையாகப் படிவது என்ன என்பது ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். அதே தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றினால் அதே படிவு ஹீற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் படியும். தண்ணீரில் உள்ள உப்பு அலுமினியத்தை உள்ளிருந்தே அரிக்கும். கூலன்ட் என்பது உறையாமல் இருக்கக் குளிர்நாட்டுக்காரர் ஊற்றும் மருந்து, நமக்குத் தண்ணீரே போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மாத்திரமே. துருவையும் அரிப்பையும் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு அதைவிட முக்கியமான வேலைகள். அதற்கும் காலக்கெடு உண்டு. டொயோட்டா வண்டிகளில் வரும் இளஞ்சிவப்பு நிற நீண்டகாலக் கூலன்டைக்கூட முதல் 160,000 கிலோமீற்றரிலும் அதன் பின்னர் ஒவ்வொரு 80,000 கிலோமீற்றரிலும் மாற்றச் சொல்கிறார்கள். தண்ணீர் கலக்காத செறிவான கூலன்டை வாங்கினால் அதனுடன் கலக்கப் பற்றரித் தண்ணீரைப் போன்ற உப்பு நீக்கிய தண்ணீரை எடுக்க வேண்டும். ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைக் கலக்காமல் இருப்பதும் நல்லது. சில வகைகள் கலந்தால் கூழாகிக் குழாய்களை அடைக்கும். ஒழுக்கை நிறுத்த ரேடியேற்றரில் மஞ்சள் தூள் கொட்டும் கைவைத்தியமும் அப்படித்தான். அது ஓட்டையைத் தேடிப் போய் அடைப்பதில்லை, ஒடுங்கிய வழி எதுவோ அதை அடைக்கிறது. வண்டியில் அப்படி ஒடுங்கிய வழிகளில் ஒன்று ஹீற்றர்.

2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளிலும் இருந்த வண்டிகளையே வைத்து ஓட்டினோம். அவற்றின் ரப்பரும் பிளாஸ்டிக்கும் நம்மோடு சேர்ந்து மூப்படைந்தன. ஆகவே இந்த மணம் இனி இன்னும் பலருடைய வண்டிகளில் வரும். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், அவற்றில் பலவற்றின் பொனற்றுக்குக் கீழே, பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வேட்டருக்கெனத் தனியாக இன்னொரு கூலன்ட் போத்தல் இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். எஞ்சின் போத்தலைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று மூடிவிட வேண்டாம்.

வெளியில் எங்கும் ஒழுக்கு இல்லை, தரைவிரிப்பும் காய்ந்திருக்கிறது, ஆனாலும் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது என்றால், அது எஞ்சினுக்குள்ளேயே எரிகிறதா என்று பார்க்க வேண்டும். புகைக்குழாயில் இனிப்பு மணத்துடன் கலையாத வெண்புகை வருவதும், மூடி திறந்த ரேடியேற்றரில் எஞ்சினை இயக்கியதும் குமிழி எழுவதும், ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே இருக்கும் ஹெட் காஸ்கெட் என்ற தகடு பழுதானதன் அறிகுறிகள். அதற்கெனத் தனிப் பரிசோதனைத் திரவமும் உண்டு. அது கைதேர்ந்தவரின் வேலை என்பதால் விரித்து எழுதவில்லை. மூடி திறப்பதெல்லாம் எஞ்சின் ஆறிய பிறகுதான் என்பதை மட்டும் மறுபடி சொல்கிறேன். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வாளி விட்டுக் குளித்துப் பழகிய துணிச்சலோடு சூடான ரேடியேற்றர் மூடியில் கை வைத்தால், முகமும் கையும் வெந்துபோகும்.

இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. முதலாவது கராஜில் என் வானில் இருந்து வடிந்த கூலன்ட் வாசலில் குட்டையாகத் தேங்கி நின்றது. அங்கு படுத்திருந்த நாய் எழுந்து வந்து அதை முகர்ந்தபோது நான்தான் விரட்டினேன். எதிலீன் கிளைக்கோலின் சுவை இனிப்பு. கேடும் அதில்தான் இருக்கிறது. பூனை ஒன்று சாக ஒரு தேக்கரண்டி அளவே போதும். வளர்ந்த மனிதர் ஒருவருக்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் உயிரைப் பறிக்கும் அளவு எனப்படுகிறது. குழந்தைக்கு அதில் சிறு பங்கே போதுமானது. உடலுக்குள் போனதும் ஈரல் அதை அமிலங்களாக மாற்ற, அவற்றில் ஒன்று கல்சியத்துடன் சேர்ந்து பளிங்குகளாகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது. தொடக்கத்தில் குடிவெறி போன்ற தள்ளாட்டம்தான் தெரியும். பிறகு சற்றுத் தேறியது போலவும் தோன்றலாம். அதைக் கண்டு ஆறுதல் அடையாமல், குடித்த போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். நேரத்தோடு போனால் முறிவு மருந்து உண்டு. கோட்டை வாசலில் இருந்து கடற்கரை வரை புள்ளிமான்கள் வீதியில் உலாவும் ஊர் நம்முடையது. வடித்த கூலன்டை வீதியோரத்திலும் காணிலும் ஊற்றாமல் மூடிய கலனில் எடுத்து வைக்குமாறு கராஜ் நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். வண்டிக்குள் அந்த ஆவியைச் சிறிது நேரம் சுவாசிப்பது இதே அளவு ஆபத்தானதல்ல. ஆயினும் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் தலைவலியும் வரும். குழந்தைகள் இருக்கும் வண்டியில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டுவதே முறை.

என் வானுக்கு இப்போது புதிய ரேடியேற்றரும் புதிய மூடியும் பூட்டியாயிற்று. வெட்டப்பட்ட ஹீற்றர் குழாய்களுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட்டு மீண்டும் இணைத்த பிறகு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி கால் மணி நேரம் காத்திருந்தோம். முள் அசையவில்லை. தண்டிக்கப்பட்ட ஹீற்றரில் ஒரு துளி ஒழுக்கும் இருந்ததில்லை. முதல் நாளே அந்தப் பம்பை ஒருவர் பூட்டியிருந்தால் ஒரு மூடியும் ரேடியேற்றரும் மாற்றுவதோடு காரியம் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு முறை கூலி, வெட்டிய குழாய்களுக்கு ஈடாகப் புதியவை, நடுவில் இரண்டு மாதம் எஞ்சினுக்குள் கிணற்றுத் தண்ணீர். அழுத்தம் பார்க்கும் பம்பு பெரிய இயந்திரம் அல்ல. ஒரு பெட்டிக்குள் அடங்கும் அந்தக் கருவியை நம் மாவட்டத்தின் ஒவ்வொரு கராஜும் வாங்கி வைத்திருப்பது நியாயமான எதிர்பார்ப்பு என்றே கருதுகிறேன். அதைப் பூட்டிக் காட்டாமல் எந்தக் குழாயையும் வெட்ட வேண்டாம் என்று சொல்லும் உரிமை வண்டிக்காரருக்கும் உண்டு.

தங்கள் வாகனப் பகுதியின் பதில்களுக்கு இடம் குறைவு என்பதை அறிவேன். ஆயினும், மணம் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, உட்காற்றில் மணக்கிறதா வெளிக்காற்றில் மணக்கிறதா, ரிசேவ் போத்தலில் தண்ணீர் குறைகிறதா, ஈரத்துக்கு நிறம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையாவது திருப்பிக் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

கந்தளாய் வாசகர் இக்கடிதத்தைப் பார்த்தால், வரும் ஞாயிறு காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சில் ஒரு வெள்ளைத் தாளை அழுத்திப் பார்க்கட்டும். தாளில் நிறம் ஏறினால், கராஜுக்குப் போகும் வரை ரிசேவ் போத்தலின் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்துத் தினமும் காலையில் பார்த்து வருவது நல்லது. வானை மலைப்பக்கம் எடுத்துச் செல்ல வேண்டாம்.

இங்ஙனம்,
வான் உரிமையாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.